பத்து வயதில் மூடிக்கொள்ளும் கதவுகள்: ஆரம்பப்பள்ளியில் தொடங்க வேண்டிய தொழில் வழிகாட்டல்



பேராக் மாநிலத்தின் அரச நகரமான கோலகங்சாரில் முதிர்ந்த ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877-ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட கன்றுகளில் எஞ்சி நிற்பது அந்த ஒன்றுதான். அந்த மரம் இந்நாட்டில் பரவிய பாதையில்தான் ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களும் பரவின. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்கை, தெலுக் இந்தான், பாகான் செராய் என்று பேராக்கின் எந்தப் பக்கம் போனாலும், ஒரு தோட்டத்தின் பெயரும் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையின் கதையும் இருக்கும்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயன் வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற பட்டணங்களின் ஓரங்களில் குடியேறிவிட்டார்கள். அப்படி இடம் பெயர்ந்தபோது பாத்திரம் பண்டங்களோடு ஒரு வாக்கியத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். "ஒழுங்கா படிக்கலேன்னா பால்மரம் வெட்டத்தான் போவணும்" என்பதே அந்த வாக்கியம். பால்மரம் குறைந்த பிறகும் வாக்கியம் மறையவில்லை. "லோரி ஓட்டத்தான் போவணும்", "குப்பை அள்ளத்தான் போவணும்" என்று ஆடை மாற்றிக்கொண்டு இன்னும் பல வீடுகளில் ஒலிக்கிறது.

சொல்பவர் அன்பினால் சொல்கிறார். தான் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்ற தவிப்பில் சொல்கிறார். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? "அப்பா செய்யும் வேலை ஒரு தண்டனை" என்று விழுகிறது. எதிலிருந்து ஓட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. எதை நோக்கி ஓட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் ஆரம்பப்பள்ளியின் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் தேவைப்படுகிறார். அவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

கத்தியும் வாளியும் காத்திருந்த காலம்

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தப் பள்ளிகளிடம் எதிர்பார்க்கப்பட்டது மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் போதும். பிள்ளை வளர்ந்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. கத்தியும் வாளியும் காத்திருந்தன. அங்கே தொழில் வழிகாட்டலுக்கு வேலையே இல்லை.

இன்று நிலைமை வேறு. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான் உள்ளன. மொத்தம் 134 பள்ளிகள். அவற்றில் பல, தோட்டத்தில் பிறந்தவை. தோட்டமே இல்லாமல் போன பிறகும் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் பள்ளிகளும் உண்டு. பிள்ளைகளின் முன்னால் இப்போது ஒரே பாதை இல்லை. நூறு பாதைகள் இருக்கின்றன. நூறு பாதைகள் இருப்பது நல்லதுதான். ஆனால் அவை இருப்பதே தெரியாத பிள்ளைக்கு ஒரு பாதையும் இல்லாததும் நூறு பாதைகள் இருப்பதும் ஒன்றுதான்.

கேள்வி தாமதமாகக் கேட்கப்படுகிறது

மலேசியப் பள்ளிகளில் வழிகாட்டல் சேவை 1960-களில் தொடங்கியது. 1996-ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் வந்தார்கள். அதனால் "தொழில் வழிகாட்டல்" என்றாலே பலருக்கும் படிவம் மூன்றும் படிவம் ஐந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. படிவம் நான்கில் என்ன பாடங்களை எடுப்பது, தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா, எஸ்.பி.எம். முடித்து எங்கே போவது என்று பதினைந்து வயதிலும் பதினேழு வயதிலும் கேட்கப்படுகிறது.

ஆனால் பிள்ளையின் மனம் அதுவரை காத்திருப்பதில்லை. லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1981-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, தங்களுக்கு ஆகாது என்று நினைக்கும் தொழில்களை ஒவ்வொன்றாக அடித்துவிடுகிறார்கள் என்பதே அது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் "இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை" என்று அடிக்கிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் "இது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, நமக்கு எட்டாது" என்றும், "இது கேவலமான வேலை" என்றும் அடிக்கிறார்கள். தனக்கு எதில் ஆர்வம், எதில் திறமை என்று யோசிப்பது பதினான்கு வயதுக்குப் பிறகுதான். அதற்குள் பட்டியல் சுருங்கிப் போயிருக்கிறது.

இந்த வயதுகளைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியப் பிள்ளை ஏழு வயதில் முதலாம் ஆண்டில் நுழைகிறது. பன்னிரண்டு வயதில் ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறுகிறது. காட்ஃபிரட்சன் சொல்லும் அந்த இரண்டு அடித்தல்களும் பெரும்பாலும் ஆரம்பப்பள்ளியின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. படிவம் மூன்றில் ஆலோசகர் கதவைத் தட்டும்போது, பாதிக் கதவுகள் உள்ளேயிருந்தே தாழிடப்பட்டிருக்கின்றன.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2016-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஓர் ஆரம்பப்பள்ளி வகுப்பில் தீயணைப்பு வீரர், அறுவை மருத்துவர், போர் விமானி ஆகியோரை வரையும்படி பிள்ளைகளிடம் சொன்னார்கள். வந்த 66 படங்களில் 61 ஆண்கள். பெண்கள் 5 பேர் மட்டுமே. பிறகு கதவு திறந்தது. அந்த மூன்று தொழில்களைச் செய்யும் மூன்று பெண்கள் சீருடையோடு உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். எவ்வளவு சொல்லியும் விளங்காத ஒன்றை, நேரில் வந்து நின்ற மூன்று பேர் ஒரு நிமிடத்தில் விளங்க வைத்துவிட்டார்கள்.

யார் அந்த ஆசிரியர்?

கல்வி அமைச்சு வழிகாட்டல் ஆலோசனைச் சேவைக்கு நான்கு குறிக்கோள்களை வைத்திருக்கிறது. மாணவரின் தன்னாளுமை வளர்ச்சி, கட்டொழுங்கு மேம்பாடு, தொழில் கல்வி, மனநலமும் சமூக நலமும் ஆகியவை அவை. தொழில் கல்வி ஆரம்பப்பள்ளிக்கும் உரியது. ஏட்டில் குறை இல்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? முழுநேர ஆலோசக ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே ஒதுக்கப்படுகிறது. 150 பேருக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. தோட்டத்தில் தொடங்கிய பல தமிழ்ப்பள்ளிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே கணிதமோ அறிவியலோ போதிக்கும் ஓர் ஆசிரியரே வழிகாட்டிப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார். பெரும்பாலும் அவருக்கு வந்து சேர்வது சண்டை போட்ட பிள்ளையும் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளையும்தான். "ஆலோசக அறைக்குக் கூப்பிடுறாங்க" என்றாலே ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தொழில் கல்வி என்ற பகுதி ஆண்டுக்கு ஒரு நாள் "என் இலட்சியம்" விழாவாக முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளை மருத்துவர் அங்கி, ஒரு பிள்ளை வழக்கறிஞர் கோட்டு, ஒரு பிள்ளை போலீஸ் தொப்பி. படம் எடுத்தாகிவிட்டது. மறுநாள் அங்கி கடைக்குத் திரும்பிவிடுகிறது. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் உடுப்பு, ஆறு ஆண்டுகளில் நடக்க வேண்டிய வேலைக்கு ஈடாகாது.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

முதலாவது, கேட்கும் பயிற்சி. நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன், "நான் லோரி ஓட்டப் போறேன் டீச்சர்" என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெறாதவர், "சீ, நல்லா படிச்சு டாக்டராகணும்டா" என்பார். பேச்சு அங்கேயே முடிந்தது. பயிற்சி பெற்றவர், "லோரியில உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பார். "இஞ்சின் சத்தம்" என்று சொன்னால் அவன் மனம் இயந்திரத்தில் இருக்கிறது. "ஜொகூர் வரைக்கும் போகலாம்" என்றால் அவன் ஊர் பார்க்க ஆசைப்படுகிறான். "அப்பாகூட இருக்கலாம்" என்றால், அப்பா வாரக்கணக்கில் வீட்டில் இல்லை என்பது தெரிகிறது. மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டதால் கிடைத்தவை.

இரண்டாவது, வயதுக்கேற்ற பாடம். முதலிரண்டு ஆண்டுகளில் ஆண் வேலை, பெண் வேலை என்ற கோடு விழாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்று கண்ணைத் திறந்து காட்டுவது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் இந்தப் பாடம் எந்த வேலைக்கு உதவும் என்று இணைத்துக் காட்டுவதோடு, ஒரு முடிவை எப்படி எடுப்பது என்று பழக்குவது.

மூன்றாவது, சோதனை முடிவுகளைப் படிக்கும் முறை. 2011-ஆம் ஆண்டில் பள்ளிசார் மதிப்பீடு தொடங்கியபோது உளவியல் அளவீடும் அதில் ஒரு கூறாகச் சேர்க்கப்பட்டது. பிள்ளையின் நாட்டம், இயல்பு ஆகியவற்றைக் காட்டும் கருவி அது. 2021-ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு, எத்தனை 'ஏ' என்ற ஒரே அளவுகோலும் போய்விட்டது. அந்த இடத்தில் உளவியல் அளவீட்டை உட்கார வைத்துவிடக்கூடாது. அது முகம் பார்க்கும் கண்ணாடி, ஜாதகம் அல்ல. "உனக்கு இதுதான் வரும்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதைவிட, அந்தத் தாளைக் காட்டாமலே இருந்துவிடுவது மேல்.

நான்காவது, வீட்டின் தொழிலிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது. தாத்தா பால்மரம் வெட்டினார் என்றால், அவர் செய்தது சாதாரண வேலை அல்ல. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டுவிடும். அந்த நூலிழை அளவை இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு நாளும் கை அறிந்து செய்தது. பால் உறைவதற்குப் பார்மிக் அமிலம் சேர்த்தார்களே, அது வேதியியல். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அளந்தார்களே, அது அறிவியல். கிராணி எழுதியது கணக்கியல். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. ஒட்டுக்கன்று வளர்ப்பவர் முதல் கையுறை ஆலைப் பொறியாளர் வரை அந்த ஒரு மரத்தை நம்பி எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை இரண்டு நன்மைகளைப் பெறுகிறது. தாத்தாவை மதிக்கக் கற்றுக்கொள்கிறது. அவர் நின்ற இடத்திலிருந்து மேலே ஏறப் படிகள் இருப்பதையும் காண்கிறது.

ஐந்தாவது, உள்ளூரை அறிந்து வைத்திருப்பது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார், 1969-ஆம் ஆண்டு முதல் ஈப்போவில் இருக்கிறது. பத்து காஜாவில் இரயில் வண்டிகளைக் கட்டமைத்துப் பழுதுபார்க்கும் நிலையம் இருக்கிறது. ஈப்போவில் மின்சில்லுத் தொழிற்சாலை இருக்கிறது. கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அரை மணி, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இவற்றையெல்லாம் எட்டக்கூடிய பிள்ளைகள், அவற்றின் வாசலைக்கூடப் பார்க்காமல் வளர்கிறார்கள். 2018-ஆம் ஆண்டில் ஒரு பிரிட்டிஷ் அறநிறுவனம் வெளியிட்ட ஆய்வில், 20 நாடுகளைச் சேர்ந்த 7 முதல் 11 வயது வரையிலான சுமார் 20,000 பிள்ளைகள் தாங்கள் விரும்பும் வேலையை வரைந்தார்கள். பள்ளிக்கு வந்து பேசிய ஒருவர் மூலம் அந்த வேலையை அறிந்துகொண்டவர்கள் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆகவே ஆளை அழைத்து வருவதும் ஆசிரியர் கற்க வேண்டிய ஒரு கலையாகும். பெரிய பதவிக்காரர்தான் வர வேண்டும் என்பதில்லை. அதே பள்ளியில் படித்து இன்று இரயில் பழுதுபார்ப்பவராகவோ தாதியாகவோ இருப்பவர் வந்து, "நானும் இந்த வாங்கிலதான் உட்கார்ந்திருந்தேன்" என்று சொல்வதற்கு ஈடு இல்லை.

ஆறாவது, பெற்றோரைச் சந்திக்கும் முறை. தொழிற்சாலையில் முறை வேலை செய்யும் தாயைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்? கோயில் மண்டபத்தில், இரவு எட்டு மணிக்கு, எளிய தமிழில் பேசினால் வருவார். அங்கே அவருக்கு அறிவுரை கூறாமல், "உங்க பிள்ளைக்கு வீட்டுல எது செய்ய ரொம்பப் பிடிக்கும்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

ஏழாவது, ஆறாம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வாசல். தமிழ்ப்பள்ளி மாணவர்களில் தேசிய மொழியில் போதிய அடைவு இல்லாதவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்கிறார்கள். அதைத் தோல்வி என்று பிள்ளை எண்ணிவிட்டால், பிறகு படிப்பே கசந்துவிடும். மொழிக்குக் கிடைத்த ஓராண்டுக் கூடுதல் காலம் என்று முன்கூட்டியே விளக்க வேண்டும். இதே பன்னிரண்டு வயதில்தான் மைகாட் எடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரச் சிக்கலால் மைகாட் இல்லாத பிள்ளைக்கு, எவ்வளவு ஆர்வம் ஊட்டினாலும் வழியில் கதவுகள் அடைபடும். அதைக் கண்டுபிடித்து உரிய இடத்தில் சேர்ப்பதும் தொழில் வழிகாட்டலே.

எட்டாவது, தன் எல்லையை அறிவது. ஆலோசகராகத் தொழில் புரிபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் கூறுகிறது. பொறுப்பேற்ற வகுப்பாசிரியர் வழிகாட்டலாம். ஆனால் வீட்டில் அடி வாங்கும் பிள்ளை, பேச்சே நின்றுபோன பிள்ளை ஆகியோரை உரியவரிடம் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையில் கதையாகப் பேசாதிருக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கேள்விகள்

"பத்து வயதில் தொழிலைப் பற்றிய பேச்சா? பிள்ளை விளையாடட்டுமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்து வயதுப் பிள்ளையிடம் தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறு. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்ற பழமொழியைச் சொல்லி, இது விளையும், இது விளையாது என்று பிரிப்பது அதைவிடத் தவறு. ஆரம்பப்பள்ளி ஆலோசகர் முளையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுபவர் அல்லர். எந்த முளைமீதும் கல் விழாமல் பார்த்துக்கொள்பவர். கதவைத் தேர்ந்தெடுப்பது பிறகு. மூடாமல் வைத்திருப்பது இப்போது.

"ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை, இதுவும் சேர்ந்தால் எப்படி?" என்பது இரண்டாவது கேள்வி. இதுவும் நியாயமே. நேரம் கொடுக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் ஒரு சான்றிதழ்தான் மிஞ்சும். பொறுப்பேற்றவருக்குப் பாட வேளைகளைக் குறைக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஒருவர் இயலாவிட்டால், அருகருகே உள்ள சிறிய பள்ளிகளுக்குச் சேர்த்து, பயிற்சி பெற்ற ஒருவரை வாரம் ஒரு நாள் வீதம் அனுப்பலாம். பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. 1922-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் பேராக் மண்ணிலேயே, தஞ்சோங் மாலிமில் இருக்கிறது. வழிகாட்டல் ஆலோசனைத் துறையும் தமிழ்மொழிக் கல்வியும் அங்கே போதிக்கப்படுகின்றன. இவ்விரண்டு துறைகளும் கைகோத்து, தோட்டப்புறப் பள்ளி ஆசிரியருக்கென்று விடுமுறைக் காலப் பயிற்சி ஒன்றை அமைக்க முடியும். அதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் குரல் கொடுக்க வேண்டும்.

நேயர்களே, அதுவரை காத்திருக்காமல் ஒவ்வொரு வீட்டிலும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. "படிக்கலேன்னா இந்த வேலைக்குத்தான் போவணும்" என்ற அந்தப் பழைய வாக்கியத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக, இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னிக்கு அப்பா வேலையில என்ன செஞ்சேன் தெரியுமா?" என்று தொடங்குங்கள். லோரியில் சரக்கை எப்படி ஏற்றினால் சாயாது என்று சொல்லுங்கள். தொழிற்சாலையில் ஒரு பழுதான பொருளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு, "உனக்கு இதுல எது பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைக் கடைசி வரை கேளுங்கள். மறுநாள் அதைப் பள்ளியில் ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.